உலோகம் ஊற்றும் நேரத்தில் பேட்டரி தேடாதீர்கள்

கும்பகோணம் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் புகைப்படமும் வீடியோவும் சொல்லிக் கொடுக்கிறேன். செயல்திட்டம் என்றதும் மாணவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வயல், இல்லாவிட்டால் சுவாமிமலைச் சிலைப் பட்டறை. இரண்டுமே நல்ல தேர்வுதான். கோளாறு தேதியில் தொடங்குகிறது.

ஏப்ரலில் ஒப்படைக்க வேண்டும் என்பதால் மார்ச் கடைசியில் பச்சை வயலைத் தேடிக் கிளம்புகிறார்கள். சம்பா அறுவடை தை, மாசியிலேயே முடிந்திருக்கும். வயலில் மிஞ்சியிருப்பது அரிதாளும் உளுந்தும். குறுவை நடவு வேண்டுமென்றால், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டித் திட்டமிட வேண்டும். அப்போதும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, கடைமடையை எட்டப் பல நாளாகும். அந்தந்த ஊர்க்காரரிடம் விசாரிக்காமல் பஸ் ஏறக் கூடாது. ஒரு வருடம், பச்சை கிடைக்கவில்லை என்று புலம்பாமல் உளுந்து பிடுங்கும் பெண்களையே எடுத்துவந்தாள் ஒரு மாணவி. அந்த வருடத்தின் சிறந்த படம் அதுதான் என்பது என் கட்சி.

பட்டறைக்கும் இதே கதை. மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசிக் காயவைத்து, வறட்டி மூட்டிச் சுட்டு, உருகிய மெழுகை வடித்த பிறகு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பல நாள் வேலையில் ஊற்றுவது சில நிமிடம். ஒரு மாணவன் காலையிலிருந்து மண்ணையும் புகையையும் எடுத்துத் தள்ளினான். உலோகம் உருகிய மூசைப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்கியபோது கேமராவில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. மாற்று பேட்டரி பையில். பை தெருவில் நின்ற பைக்கில். ஓடிவந்து, “ஐயா, இன்னொரு முறை ஊற்ற முடியுமா?” என்று கேட்டான். ஸ்தபதி சிரித்துவிட்டார். “அடுத்த சிலைக்கு வா, தம்பி.”

அவனோடு போய்ச் செல்பேசியில் எடுத்தவளுக்கு வேறு சிக்கல். பட்டறையின் இருட்டைக் கண்டு செல்பேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்ட, உலோகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. திரையில் உலோகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டி, சற்றுக் குறைத்திருந்தால் போதும். சுவர் இருண்டு போனால் போகட்டும்.

படத்தைவிட அதிகம் கெடுவது ஒலி. பம்புசெட் பக்கத்தில் விவசாயியை நிற்கவைத்து, ஆறடி தள்ளி நின்று பேட்டி எடுப்பார்கள். நம் காது மோட்டார் சத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. காலர் மைக் இல்லையென்றால் இன்னொரு செல்பேசியைப் பேசுபவருக்கு அருகில், சட்டகத்துக்கு வெளியே பிடித்து ஒலியைப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் பிறகு இரண்டையும் பொருத்துவது எளிது. கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை மூடி மறைக்க அதுதான் உதவும். ‘சும்மா எதற்கு சார்?’ என்று கேட்டவர்கள் எடிட்டிங் மேசையில் வந்து வருந்துவார்கள்.

திருபுவனம் பட்டுத் தறிகளை விளக்கொளியில் எடுக்கும்போது திரையில் கருங்கோடுகள் ஓடினால் கேமரா பழுதென்று நினைக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். வாசலில் போய் வாதாடிப் பயனில்லை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் ட்ரோன் ஆசை உள்ளவர்கள் முதலில் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் இணையதள வரைபடத்தில் தங்கள் இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, கோப்புகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கித் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இரண்டு இடத்தில் நகல் எடுக்காமல் மெமரி கார்டை அழிக்காதீர்கள். நடவை எடுத்த கார்டை அழித்துவிட்டு அடுத்த குறுவைக்குக் காத்திருந்த ஆசிரியர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும்; தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.