ப்ரீபெய்டு சிம் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

சிம் இலவசம் என்று சொன்னதும் வாங்கிவிடாதீர்கள். அந்த அட்டைக்குக் கொடுக்கும் காசு பெரிய விஷயமே இல்லை, அந்த நம்பரை ஒரு வருடம் உயிரோடு வைத்திருக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிளான் விலையை அதன் நாட்களால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். மாத பிளான் என்பார்கள், வேலிடிட்டி 28 நாள்தான் இருக்கும். 12 தடவை ரீசார்ஜ் செய்தாலும் 336 நாள்தான் ஆகிறது, மிச்சம் 29 நாளுக்காக 13-வது தடவையும் பணம் கட்ட வேண்டும்.

அடுத்து டேட்டா. தினசரி அளவு உள்ள பிளானில் அன்றைக்கு மிஞ்சியது அன்றோடு போச்சு, அதனால் ஒரு நாள் அதிகமாகவும் நாலு நாள் தொடாமலும் இருப்பவர்கள் மொத்த அளவு தரும் பிளானைப் பாருங்கள், போன மாதம் எவ்வளவு செலவானது என்பது உங்கள் போன் செட்டிங்ஸிலேயே இருக்கும். 'அன்லிமிடெட்' என்றால் அளவு தீர்ந்த பிறகு என்ன வேகம் என்று கேளுங்கள். 64 கேபிபிஎஸ் என்றால் ஒரு எம்பி இறங்கவே 2 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அழைப்புக்குக் கட்டணம் நொடிக்கா, நிமிடத்துக்கா? நிமிடக் கணக்கில் 61 நொடி பேசினால் 2 நிமிடக் காசு.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் இதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70 இடம்தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனி இடம் பிடிக்கும் ('தமிழ்' என்ற சொல்லுக்கே 5). கொஞ்சம் நீளமாக எழுதினால் இரண்டு மூன்று மெசேஜாகக் காசு போகும்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது, ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் நம்பர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவுடையவை. ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் நிறுவனம் நம்பரை முடக்கும், கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்கே கொடுத்துவிடும், அப்புறம் உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி அவர் கைக்குப் போகும். எத்தனை நாளில் முடக்குவார்கள், நம்பரைக் காப்பாற்றக் குறைந்தபட்ச ரீசார்ஜ் எது என்று முதலிலேயே கேட்டு, கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். நம்பர் வேண்டாம் என்றால் வங்கி, ஈமெயில், மெசேஜ் ஆப் எல்லாவற்றிலும் புது நம்பரை மாற்றிய பிறகே விடுங்கள்.

பேலன்ஸ் தானாகக் குறைகிறதா? காலர் டியூன் மாதிரி ஏதாவது சேவை ஓடிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதாக இருந்தால் போன் ஒரே நிறுவனத்தின் சிம்மில் மட்டும் வேலை செய்யும்படி லாக் செய்யப்பட்டதா என்று பாருங்கள். மீதி பேலன்ஸ் பெரும்பாலும் கூட வராது, தீர்த்துவிட்டு போர்ட் (அதே நம்பரோடு நிறுவனம் மாறுவது) கேளுங்கள். புது சிம்மில் சிக்னல் வரும் வரை பழைய சிம் போனிலேயே இருக்கட்டும், அதுவரை அழைப்பெல்லாம் அதில்தான் வரும்.