பறவையும் நாயும் மரமும்: ஒரு நாவலின் குறியீடுகளைப் படிக்கும் முறை

இலக்கிய வகுப்பில் குறியீடு பற்றி எழுதச் சொன்னால், பலரும் புறா என்றால் அமைதி, மழை என்றால் துயரம் என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் நுழைகிறார்கள். நல்ல நாவல் தன் குறியீடுகளைத் தானே கட்டுகிறது. அது கட்டும் விதத்தைப் பின்தொடர்வதுதான் நம் வேலை. ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்டு, 1961-இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ இதைப் பழகுவதற்கு ஏற்ற நூல். 1930-களில், அலபாமா மாநிலத்தின் மேகோம்ப் என்ற கற்பனை ஊரில், ஸ்கௌட் என்ற சிறுமியும் அவளுடைய அண்ணன் ஜெம்மும் வளர்வதே அதன் கதை.

முதல் வாசிப்பில் பொருள் தேட வேண்டாம். விலங்கோ மரமோ வானிலையோ வரும்போதெல்லாம் அத்தியாய எண்ணையும், அதைப் பார்ப்பவர் யார் என்பதையும், அப்போது என்ன நடக்கிறது என்பதையும் மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதன்முறை வரும்போது அது வெறும் பிராணிதான்; வேறொரு சூழலில் திரும்பி வரும்போதுதான் அதற்குக் குறியீட்டின் கனம் ஏறுகிறது.

பத்தாம் அத்தியாயத்தில் வரும் வெறிநாயை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி மாதத்தில் தெருவில் தள்ளாடி வரும் அந்த நாய்க்கு டிம் ஜான்சன் என்று பெயர். ஊரார் எல்லோருக்கும் பழக்கமான நாய். கதவுகள் அடைபடுகின்றன, தச்சர்கள் வேலையை விட்டு மறைகிறார்கள், பிற பறவைகளின் குரலில் பாடும் சிறு பறவைகளான மாக்கிங்பேர்டுகளும் பாடுவதை நிறுத்திவிடுகின்றன. ஷெரீஃப் என்ற காவல் அதிகாரி துப்பாக்கியை ஸ்கௌட்டின் தந்தை அட்டிகஸிடம் நீட்ட, அவர் ஒரே குண்டில் நாயை வீழ்த்துகிறார். ஊர் நடுவே வரும் வெறி இனவெறிதான் என்று இங்கேயே எழுதிவிடக் கை துறுதுறுக்கும், சற்றுப் பொறுங்கள். இருபத்தொன்றாம் அத்தியாயத்தில், டாம் ராபின்சன் என்ற நிரபராதியான கறுப்பினத்தவருக்காக அட்டிகஸ் வாதாடிய வழக்கில் தீர்ப்புக்காகக் காத்திருக்கும்போது, கோடைக்கால இரவிலும் ஸ்கௌட்டுக்கு உடல் நடுங்குகிறது. ஆட்கள் நிறைந்த நீதிமன்றம், அந்தப் பிப்ரவரிக் காலையின் வெறிச்சோடிய தெருவாக அவளுக்குத் தோன்றுகிறது. அட்டிகஸ் மறுபடியும் தெருவில் இறங்கிக் குறிபார்க்கிறார். இம்முறை துப்பாக்கியில் குண்டு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு காட்சிகளையும் இணைப்பவள் கதைசொல்லியான ஸ்கௌட்டே என்பதால், உங்கள் விளக்கத்துக்கு நூலிலேயே சான்று கிடைத்துவிடுகிறது.

தலைப்பில் உள்ள பறவைக்கும் இதே முறைதான். மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம் என்கிறார் அட்டிகஸ். அது யார் தோட்டத்தையும் பாழாக்காமல் நமக்காகப் பாட மட்டுமே செய்கிறது என்று பக்கத்து வீட்டு மிஸ் மாடி காரணம் சொல்கிறார். உண்மையில் அந்தப் பறவை பழங்களையும் தின்னும், கூட்டருகே வருபவர்களை விரட்டிக் கொத்தவும் செய்யும். ஆகவே பறவையியல் நூலில் உள்ளதை அல்ல, நாவல் அதற்குத் தரும் குணத்தையே பிடித்துக்கொள்ள வேண்டும். டாம் சுட்டுக் கொல்லப்பட்டதும் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அதைப் பாடும் பறவைகளின் படுகொலைக்கு ஒப்பிடுகிறார். முப்பதாம் அத்தியாயத்தில், வீட்டை விட்டு வெளியே வராமலே வாழ்ந்து, கடைசியில் குழந்தைகளைத் தாக்கியவனிடமிருந்து காப்பாற்றிய அண்டைவீட்டு ஆர்தர் ராட்லியை ஊர் முன் நிறுத்துவது மாக்கிங்பேர்டைச் சுடுவது போலத்தானே என்று ஸ்கௌட்டே கேட்கிறாள். பெரியவர்களிடம் கேட்ட வாக்கியம் அவளுடைய சொந்த அறிவாக மாறும் அந்த இடத்தில், குறியீட்டின் பயணத்தோடு அவளுடைய வளர்ச்சியையும் சேர்த்தே அளந்துவிடலாம்.

இயற்கைப் பொருள்களை அவற்றுக்கு மனிதர் செய்வதை வைத்துப் படியுங்கள். ராட்லி வீட்டு ஓக் மரப்பொந்தில் குழந்தைகளுக்காக யாரோ சிறு பரிசுகளை வைக்கிறார்கள். ஆர்தரின் அண்ணன் நேதன் அதைச் சிமென்டால் அடைத்துவிட்டு, மரம் பட்டுக்கொண்டிருக்கிறது என்கிறான். இலைகளைப் பாருங்கள், மரம் நன்றாகவே இருக்கிறது என்கிறார் அட்டிகஸ். இங்கே மரத்தைவிடச் சிமென்டுதான் அதிகம் பேசுகிறது.

மிகைவாசிப்பு பெரிய ஆபத்து. ஸ்கௌட்டின் குடும்பப் பெயரான ஃபின்ச் ஒரு பறவையின் பெயர் என்பதைக் குறிப்பிடலாம். ராபின்சன் என்ற பெயருக்குள் ராபின் பறவை ஒளிந்திருக்கிறது என்று வாதிடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த மையை இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் வரும் பூச்சிக்குச் செலவிடலாம்: தொட்டதும் சுருண்டுகொள்ளும் அதை நசுக்கப் போகிறாள் ஸ்கௌட், அது உன்னை ஒன்றும் செய்யவில்லையே என்று தடுக்கிறான் ஜெம்.

சில குறியீடுகளைத் தீர்க்காமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும். தன் தந்தையை இழிவாகப் பேசிய டுபோஸ் பாட்டியின் கமேலியாச் செடிகளை ஜெம் வெறிகொண்டு வெட்டுகிறான்; இறப்பதற்கு முன் அவர் அவனுக்கு ஒரு பெட்டியில் வெள்ளைக் கமேலியாப் பூ ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார். அது மன்னிப்பா, கடைசிச் சீண்டலா என்று நாவல் சொல்வதில்லை. ஜெம் பெட்டியை நெருப்பில் எறிகிறான். பூவை மட்டும் கையிலெடுத்து, அதன் அகன்ற இதழ்களை வருடிக்கொண்டிருக்கிறான்.