முதல் பாலை முதலில் ஊற்றுங்கள்: தாய்லாந்துக் குழம்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் என் வீட்டுச் சமையற்கட்டில் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாய்லாந்துப் பாணிக் குழம்புகள் சொல்லித் தருகிறேன். மூன்று அடுப்பு, அடுப்புக்கு இரண்டு பேர். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், “வீட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே ஒருமுறை செய்யுங்கள்” என்று விட்டுவிடுவேன். போன வாரமும் அப்படித்தான். மூன்று அடுப்பிலும் பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. திருவாரூரிலிருந்து வந்த தம்பி சட்டியைக் காட்டி, “அண்ணே, எல்லாம் போட்டாச்சு, ஆனா ஓட்டல்ல சாப்பிட்ட மாதிரி இல்லையே” என்றார். இருக்காது. ஏன் இருக்காது என்பதைத்தான் எழுதுகிறேன். உப்பு கூடுவது, அடிபிடிப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

முதல் பாலைக் கடைசியில் ஊற்றுவது

தேங்காய்ப்பாலுக்கு நம் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. மூன்றாம் பாலில் காயை வேகவை, இரண்டாம் பாலைச் சேர்த்துக் கொதிக்கவிடு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கிவிடு. கொதித்தால் திரிந்துவிடும். சொதிக்கும் பால் குழம்புக்கும் அது சரியான சட்டம். ஆனால் பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு, மஸ்ஸமன் போன்ற தாய்லாந்துக் குழம்புகளில் அது அப்படியே தலைகீழ். முதல் பாலில் மேலே நிற்கும் கெட்டி ஏடுதான் சட்டியில் முதலில் விழ வேண்டும். அது திரிய வேண்டும். எண்ணெய் பிரிய வேண்டும். அந்த எண்ணெயில்தான் அரைத்த மசாலா வதங்க வேண்டும்.

2013இல் துபாயில் ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். என் பக்கத்து அடுப்பு தாய்லாந்துக்கார அக்கா ஒருவருடையது. அவர் தேங்காய் ஏட்டைச் சட்டியில் ஊற்றி அது வெடித்து வெடித்துத் திரியும்வரை அசையாமல் நிற்பார். முதல் நாள் அதைப் பார்த்துப் பதறி, பால் கெட்டுப்போகிறது என்று அவரிடம் ஓடினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. மசாலாவைப் போட்டு வதக்கி, சட்டியைச் சற்றே சாய்த்து, ஓரத்தில் பச்சை நிறமாக ஒதுங்கி நின்ற எண்ணெயைக் காட்டினார். பார்த்தேன். ஆனால் மனத்தில் ஏறவில்லை.

2016இல் விடுப்பில் வந்தபோது தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. நாற்பது பேருக்குப் பச்சைக் குழம்பு வைக்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் தோப்புத் தேங்காய் பதினெட்டு, கோழி ஏழு கிலோ. ஏட்டைச் சட்டியில் ஊற்றப்போகும் நேரம் அம்மா பக்கத்தில் வந்து நின்று, “திரிஞ்சிடும்டா, நாற்பது பேரு சாப்பிடணும்” என்றார். அம்மா சொல்லிவிட்டார், நானும் முதல் பாலைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன். மசாலாவை நேராக இரண்டாம் பாலில் கரைத்துக் கொதிக்கவிட்டேன். வந்தது குழம்பே இல்லை. வெள்ளைப் பாலில் பச்சைத் துகள்கள் தவிடு மாதிரி மிதந்தன. எலுமிச்சைப் புல்லின் பச்சை வாசம் முகத்தில் அடித்தது. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு இலையின் ஓரத்துக்குத் தள்ளினார். மறுநாள் அண்டாவில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, தோப்பில் குழி வெட்டிக் கொட்டினோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்தத் தோப்பில் பாதி மரங்கள் சாய்ந்துவிட்டன. இன்று நானும் கடையில்தான் தேங்காய் வாங்குகிறேன். யாராவது நான்கு தேங்காயைப் பிழிந்து, முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மசாலாவைத் தண்ணீர்ப் பாலில் வேகவைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பொருள் எல்லாம் சரியாக இருந்தும், வரிசை மாறியதால் வீணாகிப்போகும் சமையல் இது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரரத்தைக் கிழங்கு, எலுமிச்சைப் புல், மிளகாய் இவற்றின் வாசமும் நிறமும் பெரும்பாலும் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் சரியாக இறங்காது. அதோடு, தண்ணீர் கொதிக்கும் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. எண்ணெயின் சூடு அதைத் தாண்டிப் போகும், பச்சை வாசத்தை அதுதான் போக்கும். வத்தக்குழம்பில் மசாலாவை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரிய வதக்குகிறோம் இல்லையா, அதே வேலைதான். இங்கே எண்ணெய் பாட்டிலிலிருந்து வராமல் தேங்காயிலிருந்தே வருகிறது, அவ்வளவுதான்.

நான்கு பேருக்குச் செய்யும் விதம் இது. முற்றிய பெரிய தேங்காய் இரண்டு. இளந்தேங்காயில் ஏடு கட்டாது. துருவி, முக்கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துக் கையால் நன்றாகப் பிசைந்து பிழிந்தால் முதல் பால். அதை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் ஏடு மேலே வந்து நிற்கும். சக்கையில் மறுபடி இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பிழிந்தால் இரண்டாம் பால். அகலமான சட்டியில் ஏட்டை மட்டும் ஊற்றி, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் பால் கொதிக்கும் சத்தம் வரும். ஏழெட்டு நிமிஷத்தில் சத்தம் மாறி, பொரிகிற மாதிரி சடசடவென்று கேட்கும். மேற்பரப்பு குழி குழியாகி, ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். அப்போதுதான் மசாலா, மேசைக்கரண்டியில் மூன்று. நான்கைந்து நிமிஷம் வதக்கி, பிரிந்த எண்ணெய் மசாலாவின் நிறத்துக்கு மாறியதும் கோழியையோ காயையோ போட்டுப் பிரட்டுங்கள். ஏட்டுக்கு அடியில் தங்கிய முதல் பாலையும் இரண்டாம் பாலையும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கப்புறம் ஊற்றலாம். மூடி போட வேண்டாம். குக்கர் வேண்டவே வேண்டாம்.

பாக்கெட் பால் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பாக்கெட் பாலில், பிரியாமல் இருப்பதற்கென்றே கலவைப் பொருள் சேர்க்கிறார்கள். அது லேசில் எண்ணெய் விடாது. ஒரு பெண் அரை மணி நேரம் சட்டி முன்னால் நின்று கண்ணீர் விடாத குறை. அப்படியானால் காத்திருக்காதீர்கள். இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயை ஊற்றி அதில் மசாலாவை வதக்கிவிட்டு, பாலை அப்புறம் சேருங்கள். தாய்லாந்திலேயே பலர் இப்படிச் செய்கிறார்கள்.

பேரரத்தையைத் தேங்காய்ப்பாலில் போட்டு வைக்கும் டாம் கா சூப்புக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் பால் திரியக் கூடாது, மெல்லக் காய்ந்தால் போதும். அங்கே அம்மா சொன்னதுதான் சரி.

தாளிப்பது

கடுகும் கறிவேப்பிலையும் இந்தக் குழம்பில் வேண்டாம்.

சித்தரத்தையை அள்ளிப் போடுவது

தாய்லாந்துக்காரர்கள் ‘கா’ என்று சொல்லும் கிழங்கு நம் பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் ‘அரத்தை’ என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் சித்தரத்தையைத்தான் எடுத்துத் தருவார்கள். இருமல் கஷாயத்துக்குப் போடுவது அது. சின்னது, உறைப்பு அதிகம். கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு மாமி காய்ந்த சித்தரத்தை ஒரு கைப்பிடி போட்டு அரைத்திருந்தார். வாயில் வைத்ததும் கஷாயம்தான் நினைவுக்கு வந்தது. பேரரத்தை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காய்ந்ததுதான் கிடைக்கிறது என்றால் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மெல்லியதாக நறுக்கி, பச்சைக் கிழங்கு போடும் அளவில் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் இஞ்சி. வாசம் வேறாக இருக்கும், ஆனால் குழம்பு கெடாது. கிழங்கு பச்சையாகக் கிடைத்தால் ஒரு துண்டைக் கிணற்றடியில் ஊன்றி வையுங்கள். ஈரமும் நிழலும் இருந்தால் இஞ்சி மாதிரியே வரும்.

மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைப்பது

தண்ணீராக இருக்கும் மசாலா வதங்காது, வேகத்தான் செய்யும். மேலே சொன்ன பாடு முழுக்க வீண். டெல்டா வீடுகளில் இன்னும் அம்மி கிடக்கிறது, அதைக் கழுவி எடுங்கள். முதலில் கல்லுப்பும் வறுத்த மல்லி, சீரகம், மிளகும். அப்புறம் பொடியாக நறுக்கிய எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, பேரரத்தை. அப்புறம் மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம். கெட்டியானது முன்னால், ஈரமானது பின்னால். மிக்ஸிதான் என்றால் தண்ணீருக்குப் பதிலாக ஒரு கரண்டி தேங்காய் ஏட்டை விட்டு ஓட்டுங்கள்.

கொத்தமல்லியின் வேரை வெட்டி எறிகிறோம். தாய்லாந்தில் அரைப்பது அந்த வேரைத்தான். மண் போகக் கழுவி, கட்டுக்கு நான்கைந்து வேரைச் சேர்த்துப் பாருங்கள்.

காரம் குறைக்கத் தண்ணீர் ஊற்றுவது

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் என்று காரம் குறைவாகக் கேட்டுத்தான் பலர் வருகிறார்கள். குழம்பு காரமாகிவிட்டால் உடனே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் ஊற்றினால் வாசமும் உப்பும்தான் நீர்த்துப்போகும், நாக்கில் எரிச்சல் அப்படியே நிற்கும். தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள்.

அதைவிட, காரத்தை முதலிலேயே கட்டுப்படுத்துவது நல்லது. காரம் விதையில் இருக்கிறது என்று நினைத்து விதையை மட்டும் தட்டிவிடுகிறார்கள். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் காரம் அதிகம், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பச்சைக் குழம்புக்கு பஜ்ஜி மிளகாய், சிவப்புக்கு ஊறவைத்த காஷ்மீரி மிளகாய். நிறம் கிடைக்கும், கண்ணில் நீர் வராது. மிளகாயைக் குறைக்கிறோம் என்று மற்ற மசாலாவையும் சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள். காரம் இல்லாத குழம்புக்கு வாசம் இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

முதல்முறை வைப்பவர்கள் பச்சைக் குழம்பில் தொடங்காமல் மஸ்ஸமனில் தொடங்கலாம். உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பட்டை, கிராம்பு, ஏலக்காய், புளி எல்லாம் நமக்குப் பழகிய பொருள்கள். நாகூர்ப் பக்கத்து வீடுகளில் சாப்பிட்டவர்களுக்கு அந்த வாசம் அந்நியமாகவே இருக்காது. மஞ்சள் குழம்பும் மிதமானதுதான். அதன் பெயர் ‘கேங் கரி’. அந்தக் கரி நம் கறிதான்.

பச்சைக் குழம்பை இனிப்பாக்குவது

‘கேங் கியாவ் வான்’ என்ற பெயரில் ‘வான்’ என்றால் இனிப்பு. அதைப் படித்துவிட்டு வெல்லத்தை அள்ளிப் போடுகிறார்கள். அங்கே அது பச்சையின் இதமான நிறத்தைச் சொல்லும் சொல். ஒரு தேக்கரண்டி போதும். கருப்பட்டி குழம்பைக் கறுக்கவைக்கும், பனங்கற்கண்டைப் பொடித்துப் போடுங்கள்.

துளசி

பச்சைக் குழம்புக்குத் துளசி இல்லை, திருநீற்றுப் பச்சிலை. நாம் சப்ஜா விதை எடுக்கும் செடி. தாய்லாந்தில் குழம்புக்குப் போடுவதும் அந்த இனத்தின் ஒரு வகைதான். பூக்கடையில் கேட்டால் கிடைக்கும். இறக்கிய பிறகு போடுங்கள்.

எலுமிச்சை இலையை முழுசாகக் கொதிக்கவிடுவது

ஒன்றின் நுனியில் இன்னொன்று ஒட்டியதுபோல இருக்கும் தாய்லாந்து எலுமிச்சை இலை இங்கே எளிதில் கிடைக்காது. நாம் வேப்பிலைக்கட்டி இடிக்கும் எலுமிச்சை இலை, நார்த்தை இலையே கைகொடுக்கும். கொழுந்தாகப் பறித்து, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, நூல் மாதிரி நறுக்கிக் கடைசி இரண்டு நிமிஷத்தில் போடுங்கள். முற்றிய இலையைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், அப்புறம் எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது.

உப்புப் போட்டுவிட்டு மீன் சாஸ் ஊற்றுவது

மீன் சாஸ் என்பது நெத்திலியை உப்போடு சேர்த்து ஓராண்டு வாக்கில் புளிக்கவைத்து எடுக்கும் நீர். அதில் உப்பு மிக அதிகம். அதை ஊற்றி, ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பைத் தொட வேண்டும். கடையில் வாங்கிய மசாலா விழுதில் ஏற்கெனவே உப்பும் இறால் விழுதும் இருக்கும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இறால் விழுது கிடைக்காதவர்கள் நாகப்பட்டினத்துக் கருவாட்டுக் கடையில் சென்னாகூனி என்ற காய்ந்த பொடி இறால் வாங்கி, மண் போகச் சலித்து, வெறும் சட்டியில் வறுத்து ஒரு கரண்டி அரைத்துச் சேருங்கள். எனக்கு அது டப்பா விழுதைவிடப் பிடிக்கும். மீன் சேர்க்காத வீடுகளில் லைட் சோயா சாஸும் கொஞ்சம் உப்பும் போதும்.

எலுமிச்சைச் சாறு

அடுப்பை அணைத்த பிறகு.

புழுங்கலரிசிச் சோறு

வேண்டாம். பச்சரிசி. சீரகச் சம்பா இருந்தால் இன்னும் நல்லது.

சுண்டைக்காயை மறப்பது

பச்சைக் குழம்புக்குப் பட்டாணியும் குடைமிளகாயும் தேடி அலைகிறார்கள். தாய்லாந்தில் அந்தக் குழம்பில் கொத்துக் கொத்தாகப் போடுவது சுண்டைக்காய்தான். வற்றல் இல்லை, பச்சைக்காய். நம் வாய்க்கால் கரையில் தானாக முளைத்துக் கிடக்கிறது. காம்பைக் கிள்ளிவிட்டு முழுசாகப் போடுங்கள், நசுக்க வேண்டாம். இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் போட்டால், கடிக்கும்போது லேசான கசப்போடு வெடிக்கும். கத்தரிக்காய் போடுவதானால் பிஞ்சாக, உருண்டையாக இருக்கும் பச்சைக் கத்தரி. அதை மட்டும் இன்னும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.