பள்ளிக்கூடத்துக்கு முதலில் ஐந்தொகை போடுங்கள்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பழைய பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு கண்ணில் படும். யார் கொடுத்தது, யார் நினைவாக, எந்த வருஷம் என்று எல்லாம் பொறித்திருக்கும். கொடைக்கு இந்தப் பக்கம் பஞ்சமே கிடையாது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், "நாம படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணுமே" என்று தாங்களாகவே கேட்கிறார்கள். கோளாறு அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது: எதை முதலில் செய்வது?

எங்கள் செட் செய்த தவறையே சொல்கிறேன். பணம் திரட்டி நுழைவு வளைவு கட்டினோம். திறப்பு விழா அன்று, பெயிண்ட் வாசனை போகாத அந்த வளைவைக் காட்டி, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் "என்னப்பா எழுதியிருக்கு?" என்றேன். "ஊ… ரா…" வரைக்கும் வந்தான். 'ட்சி'யில் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான், பிறகு செருப்பைப் பார்த்தான். படிக்க முடியாத பிள்ளைக்கு வாசலில் கல்லெழுத்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

நகரத்தார் கடைக் கணக்கில் ஐந்தொகை, அதாவது பற்று, இருப்பு எல்லாவற்றையும் சேர்த்த வருஷக் கணக்கு, போட்டுப் பார்க்காமல் அடுத்த வருஷத்துக்குப் போகமாட்டார்கள். இருப்பு என்ன, பற்று என்ன என்று தெரியாமல் முதல் போடுவது அங்கே பெரிய பாவம். பள்ளிக்கூடம் என்று வந்தால் மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறதோ. பள்ளிக்கு ஐந்தொகை போடுவது இப்படித்தான்: மூன்றாம் வகுப்புக்கு மேலே உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக, மற்ற பிள்ளைகள் கேட்காத இடத்தில், அவர்களுடைய டீச்சரை வைத்துக்கொண்டே. சின்னப் பள்ளிக்கு அரை நாள் போதும். ஆனால் இன்ஸ்பெக்டர் மாதிரி போய் நிற்காதீர்கள். அதற்கப்புறம் எந்த டீச்சரும் உங்களிடம் உண்மையைச் சொல்லமாட்டார். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்கத்தான் அரசு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குத் துணையாக, படித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண் ஒருவரைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார வைக்க ஆகும் செலவு, வளைவுக்கு அடித்த பெயிண்ட் செலவைத் தாண்டாது.

கழிப்பறை விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கட்டிக் கொடுக்கப் பத்துப் பேர் வருவார்கள், கழுவ ஆள் போட ஒருவரும் வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் டைல்ஸ் ஒட்டிய நல்ல கழிப்பறை இருக்கிறது. சாவி ஆபீஸ் மேஜைக்குள். மோட்டார் காயில் போய் ஒரு வருஷமாகிறது. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியது நிரப்பியபடியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்தப் பாட்டில்களைப் பாருங்கள், போதும்.

கோயிலுக்குக் கட்டளை எழுதி வைத்து, போட்ட முதலின் வருமானத்தில் பூஜை நடத்தத் தெரிந்த ஊர்தானே இது? அதே வழக்கத்தைப் பள்ளிக்கும் கொண்டுவரலாம். 3 லட்ச ரூபாயை வைப்பில் போட்டு 6 சதவீத வட்டி வந்தால் வருஷத்துக்கு 18,000, மாதம் 1,500. பினாயிலும் மோட்டார் ரிப்பேரும் போக, கழுவுகிறவர் கூலியில் ஒரு பங்காவது தேறும். வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். 1953-ல் திறந்த அந்த ஆய்வகம் இன்றும் நடக்கிறது என்றால், வருஷா வருஷம் செலவு பார்க்க மத்திய அரசு பின்னால் நிற்கிறது என்பதால்தான். கட்டுவது ஒரு செலவு. நடத்துவது தனிச் செலவு, அதற்கு முடிவும் கிடையாது.

ஸ்மார்ட் போர்டுக்கும் இதே கதிதான். யார் ரிப்பேர் பார்ப்பது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள்.

அடுத்த தவறு, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கையெழுத்து நோட்டாக நினைப்பது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் அந்தக் குழுதான். நடப்பது என்ன? உறுப்பினரான ஓர் அம்மாவிடம், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "தெரியலண்ணே. இங்கன போடுன்னாக, போட்டேன்" என்றார். அவர் சித்தாள் வேலைக்குப் போகிறவர். மத்தியானம் கூட்டம் வைத்தால் அரை நாள் கூலி போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்துப் பாருங்கள், அவர் வருவார், பேசவும் செய்வார். கொடை கொடுக்கிறவர்களும் இந்தத் திட்டத்தில் உள்ளதைச் செய்ய வேண்டுமே தவிர, மனசுக்குத் தோன்றியதை அல்ல.

நூறு சதவீதத் தேர்ச்சி பிளக்ஸைப் பற்றி ஒரு வரி: பரீட்சை எழுதாமல் நின்ற பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சையை எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, அதிகம் பேர் கவனிக்காத தவறு. "எங்க பள்ளிக்கு இன்னொரு டீச்சர் போடுங்க" என்று மனு எழுதுகிறோம், பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. உங்கள் பள்ளியில் 58 பேர் என்றால், ஐந்து வகுப்புக்கும் இரண்டே டீச்சர்தான். இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் மூன்றாவது டீச்சர் கேட்க நியாயம் கிடைக்கும். மனுவைவிட அந்த மூன்று வீட்டு வாசல்தான் முக்கியம்.

அந்த வீடுகளில் போய் "அரசுப் பள்ளி நல்லாருக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எடுபடாது. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு என்று சொல்லுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வருவதையும் சொல்லுங்கள். இவற்றுக்குப் பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டு வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு ஒன்பதில் மாற்றலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஜூனில் கிளம்பினால் தாமதம். தனியார் பள்ளி வேன்காரர்கள் சித்திரையிலேயே தெருவுக்குள் வந்து முன்பணம் வாங்கிப் போயிருப்பார்கள். ஆசிரியர் பணியிடக் கணக்குக்கு ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆகவே வீடு வீடாகப் போகிற வேலையைப் பங்குனியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.