அடிமட்டத்தை நம்பித் தோட்டா வாங்காதீர்கள்

எங்கள் வயல் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம். கதிர் பால் பிடிக்கிற நேரம் காட்டுப் பண்டி இறங்கினால் விடியும்போது வரம்பு மட்டும்தான் மிஞ்சும். அப்பாவிடம் இருந்த 12 போர் (குழலின் பருமன் எண்) இரட்டைக்குழல் துவக்கு இப்போது என் பேரில், அனுமதிப்பத்திரத்தோடு இருக்கிறது. என்னைப் போல் புதிதாகத் துவக்குக் கைக்கு வந்தவர்களுக்குத்தான், அதற்குப் பொருந்தும் தோட்டாவைப் பார்ப்பது பற்றி இதை எழுதுகிறேன்.

முதலில் துவக்கைத் திறந்து, வெறுமையா என்று பாருங்கள். அப்புறம் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் துடையுங்கள். 65 அல்லது 70 மில்லிமீற்றர் என்றோ, அங்குலத்தில் 2½, 2¾ என்றோ பொறித்திருக்கும். தோட்டா போகும் அறையின் நீளம் அது. பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பல 65தான். எதுவும் தெரியாவிட்டால் துவக்குத் திருத்துகிறவரிடம் கொடுத்து அளந்துவிட்டுத்தான் வெடி வையுங்கள்.

நான் பிழைவிட்ட இடம் இதுதான். மகளின் அடிமட்டத்தால் புதுத் தோட்டாவை அளந்தேன். 60 கூட இல்லை. 65 அறைக்குத் தாராளம் என்று போட்டேன், சுகமாக உள்ளே போனது. வெடித்ததும் தோளில் மாடு முட்டியது போல ஓர் உதை. வெற்றுக் கோதும் இறுகிவிட்டது. பெட்டியில் எழுதியிருந்த 70 என்பது, தோட்டாவின் மடித்த வாய் வெடித்து விரிந்த பிறகு வரும் நீளம். விரிய இடமில்லாமல் வாய் குழலின் ஒடுக்கத்துக்குள் போனால் அமுக்கம் ஏறும். அன்று குழல் தாங்கியது அதிர்ஷ்டம்.

போர் எண்ணும் ஏமாற்றும். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம குண்டாக்கினால் ஒன்று கொள்ளும் குழல் 12. 20 என்றால் குண்டும் குழலும் சிறிது. 20 போர்த் தோட்டா 12க்குள் வழுகிப் போய் அறைக்கு முன்னால் சிக்கும், பின்னால் 12 போர்த் தோட்டா ஒன்று போடவும் இடம் இருக்கும். போட்டால் குழல் கிழியும். அதனால்தான் 20ஐ மஞ்சளில் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே பையில் வைக்கவே வேண்டாம்.

கனடாவிலிருக்கும் மருமகன் புள்ளி 22 விளையாட்டு ரைபிள் ஒன்றை வீடியோவில் காட்டினான், தானாக அடுத்ததை ஏற்றுகிற வகை. வெடித்த தோட்டாவின் உதையே அறையை மூடும் பூட்டைப் பின்னே தள்ளி வேலையை நடத்துகிறதாம். அதனால் வலுக்குறைந்த தோட்டா போட்டால் சிக்கும். "மகசீனைக் கழற்றிட்டேன் மாமா, வெறுந்துவக்கு" என்றான். அறைக்குள்ளே ஒன்று மிச்சம் இருக்கும், பூட்டை இழுத்துப் பாரடா என்றேன். எங்கள் துவக்கில் அந்தத் தொல்லை இல்லை. மடித்தால் இரண்டு குழலின் கண்ணும் தெரியும்.

சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்ததை வைக்காதீர்கள். திறந்து குழலூடே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், அடைப்பு நின்றிருக்கலாம். வரம்பில் ஊன்றி வாயில் சேறு ஏறினாலும் இதே ஆபத்து. வெடிக்கவே இல்லையென்றால் ஆளில்லாத திசையில் பிடித்து அரை நிமிடம் பொறுத்துத் திறவுங்கள்.

வாவிக் காற்றுக்குத் துரு சீக்கிரம் வரும். தேங்காயெண்ணெய் பிசினாகும், தையல் மெசின் எண்ணெய்தான் சரி. ஆனால் தோட்டாவில் எண்ணெய் படவிடக் கூடாது. மாரியில் பித்தளை அடி பச்சை பிடித்ததை நான் தனியே எடுத்து வைத்துப் பொலிசில் ஒப்படைத்துவிடுவேன்.