பெரிய காலிபர் வேட்டை ரைபிள்களை அளவான செலவில் சேர்ப்பது எப்படி?

பெரிய காலிபர் (குழலின் உள்விட்டம்) வேட்டை ரைபிள் என்றதும் பலரின் நினைவுக்கு முதலில் வருவது பிரிட்டிஷ் தயாரிப்பான இரட்டைக்குழல் துப்பாக்கிதான். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் குண்டைச் செலுத்தும்படி, சுட்டுப் பார்த்துச் சுட்டுப் பார்த்துக் கையால் சரிசெய்ய வேண்டியிருப்பதால், அதன் விலை இறங்குவதே இல்லை. அளவான பணத்துடன் தொடங்குபவர் அதை மறந்துவிட்டு போல்ட் ரைபிள்களை (கைப்பிடியை முன்பின் நகர்த்தித் தோட்டாவை ஏற்றும் வகை) தேடுவது நல்லது. தயாரிப்பாளரின் பெயருக்குப் போகும் பணத்தைத் துப்பாக்கியின் நிலைமைக்குத் திருப்ப வேண்டும். எந்தக் காலிபர், எத்தனை துப்பாக்கிகள், எப்படிப் பூட்டி வைப்பது என்பதில் ஒவ்வொரு நாட்டின் உரிமச் சட்டமும் வேறுபடும் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் துப்பாக்கிக்கு என் தேர்வு 9.3×62 தோட்டா (9.3 மி.மீ. காலிபர், 62 மி.மீ. நீள உறை). பெர்லினில் துப்பாக்கி செய்துவந்த ஓட்டோ போக் 1905-இல் உருவாக்கிய இந்தத் தோட்டா, மௌசர் 98 என்னும் ஜெர்மானிய ரைபிளின் சாதாரண அளவுள்ள பொறியமைப்பிலேயே (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதி) அடங்கிவிடும். நீண்ட தோட்டாக்களுக்கான பெரிய மேக்னம் பொறியமைப்பு தேவைப்படாததுதான் அது மலிவாக இருந்ததற்கு முக்கியக் காரணம். 1912-இல் வந்த .375 (அங்குலக் கணக்கில் காலிபர்) ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்துக்குத் தோட்டா எளிதில் கிடைக்கும். 1911-இன் .416 ரிக்பி பெருமைக்குரியதுதான், ஆனால் தோட்டாவின் பருமனே செலவைக் கூட்டிவிடும். அமெரிக்க போல்ட் ரைபிளான வின்செஸ்டர் மாடல் 70-இல் 1964-க்கு முந்தையவற்றைச் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்குகிறார்கள், அதற்குப் பிந்தைய.375, .458 ரைபிள்களோ வேலையில் குறைவில்லாமல் மலிவாகவும் கிடைக்கின்றன. செக் தயாரிப்பான ப்ர்னோ இசட்கேகே 602, அதன் வழியில் வந்த சிஇசட் 550, முதல் உலகப்போர்க் கால எம்1917 ராணுவ ரைபிளைப் பெரிய காலிபருக்கு மாற்றியமைத்தவை ஆகியவையும் பார்க்கத் தகுந்தவை. ஆனால் மாற்றியமைத்த துப்பாக்கியில் குழலின் மேல் பொறித்திருக்கும் காலிபரை அப்படியே நம்பக் கூடாது. அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் தோட்டா அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) வார்ப்பு அச்சை எடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

சுடும்போது தோளில் இடிக்கும் உதைப்புக்கு அஞ்சி ஒரு பெட்டித் தோட்டாவைக்கூடத் தீர்க்காமல் விற்கப்பட்ட துப்பாக்கிகள் இந்த வகையில் நிறைய உண்டு. அதனால் வெளியே தேய்ந்திருந்தாலும் உள்ளே நன்றாக இருப்பதைக் கண்டெடுக்க முடியும். போல்ட்டைக் கழற்றி, குழலை ஒரு விளக்கின் பக்கம் நீட்டிப் பாருங்கள்: குழலுக்குள் சுருளாக ஓடும் மரைகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும், தோட்டா அறையை ஒட்டிய பகுதி சொரசொரப்பாக இருக்கக் கூடாது. பழைய தோட்டாக்களின் ப்ரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருந்த உப்பு துருவை வரவழைக்கும் என்பதால், சரியாகக் கழுவாத குழல்களில் குழிகள் விழுந்திருக்கும். பிறகு மரக்கட்டையைக் கவனியுங்கள். உதைப்பால் அடிக்கடி விரிசல் விழும் இடம், பொறியமைப்பின் வால் முடியும் கைப்பிடிப் பகுதி. அங்கே மெல்லிய எண்ணெயைத் தடவித் துடைத்தால், விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் ஒரு கருங்கோடாக நின்றுவிடும். பொறியமைப்பு அமரும் பள்ளத்தின் பின்புறம் மரம் உடைந்திருக்கிறதா என்று பார்க்க, திருகுகளைக் கழற்ற அனுமதி கேளுங்கள். கேட்பதற்கே முகம் சுளிக்கும் விற்பனையாளரிடமிருந்து விலகிவிடலாம்.

பழைய எக்ஸ்பிரஸ் ரைபிள்களில் (குண்டைக் கூடுதல் வேகத்தில் செலுத்த வடிவமைத்தவை) சோதனை முத்திரைதான், அதாவது எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொறித்த குறிதான், முதல் பாடம். பழைய காலத்து வெடிமருந்தான கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட துப்பாக்கியில் இன்றைய தோட்டாவைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

தோட்டாவின் விலையையும் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அருகிப்போன காலிபரில் துப்பாக்கி மலிவாகத் தோன்றும். பித்தளை உறைக்கும் குண்டுக்கும் அலையும்போதுதான் உண்மை விலை தெரியும். தோட்டாவை மீண்டும் நிரப்பும் கருவி வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு குறையும்.

வாங்கியவற்றைத் தோல் உறையில் நெடுநாள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். குழல் வாயைக் கீழே வைத்து நிறுத்தினால், பொறியமைப்பின் எண்ணெய் மரத்துக்குள் ஊறி அதை மென்மையாக்காது.