முதல் டிராக் டே: எந்த டயர், எவ்வளவு காத்து?

பந்தய டிராக்கில் நம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்தான் டிராக் டே. அதற்குப் போகலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதல் வேலையாகப் புது டயருக்கு விலை விசாரிப்பார்கள். சத்தம் போடும் சைலன்சருக்குச் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். வண்டியில் இப்போது இருக்கும் டயர் நல்ல நிலையில் இருந்தால் முதல் சில டிராக் டேக்களுக்கு அதுவே போதும். நீங்கள் வாங்க வேண்டியது நம்பகமான ஒரு பிரஷர் கேஜ், அதாவது டயர் காத்தை அளக்கும் மீட்டர். அதோடு ஒரு நோட்டு, ஒரு பேனா. அந்த டயரில் எவ்வளவு காத்து இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு எத்தனை விலை உயர்ந்த டயர் வாங்கினாலும் பலன் பாதிதான்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரியான முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக்கை. இடம், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் டிராக் அங்கே 1990 முதல் இருக்கிறது. இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவர்களுக்கும் முறை இதேதான், எண்கள்தான் கொஞ்சம் மாறும்.

படி 1: இருக்கிற டயரைப் படியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் 195/55 ஆர்16 87வி என்பது போல ஒன்று இருக்கும். அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம். ரேடியல் டயர், 16 அங்குல ரிம். 87 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும். கடைசி எழுத்து வேகம்: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் 210, வி 240. புது டயர் வாங்கும்போது சுமையிலும் வேகத்திலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள்.

அடுத்து டிஓடி என்று தொடங்கும் வரி. அதன் கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேலான டயரை நான் டிராக்குக்குக் கொண்டுபோக மாட்டேன். ரப்பர் இறுகிப் போயிருக்கும், பிடிப்பு இருக்காது.

பிறகு கையால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரில் எங்காவது உப்பியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயர் ரோட்டுக்கே ஆகாது, டிராக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெட்டு, வெடிப்பு இருந்தாலும் அப்படியே. பஞ்சர் கடையில் ரப்பர் திரியைச் சொருகி ஒட்டிய டயரும் எனக்கு வேண்டாத டயர்தான். ஆபீஸ் போய்வர அது போதும், 140 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்து வளைவுக்குள் நுழைய அல்ல. ரீசோல் போட்ட டயரும் கூடாது.

பட்டன் விஷயத்தில் மட்டும் ரோட்டில் கற்றது கொஞ்சம் தலைகீழாகும். சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; புது டயரில் சுமார் 8 இருக்கும். காய்ந்த டிராக்கில் அந்தப் புது டயரின் உயரமான பட்டன்கள் வளைவில் பக்கவாட்டில் நெளியும், சீக்கிரம் சூடேறும், சில நேரம் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். 4, 5 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் பாதி தேய்ந்த டயர் இன்னும் நிலையாக நிற்கும். புது டயர் போட்ட வாரமே டிராக்குக்கு ஓடாதீர்கள். கொஞ்சம் ரோட்டில் ஓட்டித் தேய்த்துவிட்டு வாருங்கள்.

படி 2: வாங்கியே ஆக வேண்டும் என்றால்

டயரின் பக்கச் சுவரில் டிரெட்வேர், அதாவது தேய்மானக் குறியீடு, என்று ஓர் எண்ணைத் தேடுங்கள். இது அமெரிக்க முறை, எல்லா டயரிலும் இருக்காது. எண் குறையக் குறைய பொதுவாக ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. மைலேஜுக்கென்று செய்த டயர்களில் 400, 500 என்று பார்க்கலாம். ரோட்டிலும் ஓடி டிராக்கிலும் ஓடும் தீவிர டயர்கள் 200 பக்கம் இருக்கும். யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் இரண்டும் அந்த ரகம். இந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. அதனால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொன்றின் 320-உடன் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

நம் ஊரில் இந்த 200 ரகம் சுலபமாகக் கிடைக்காது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததிலிருந்து நினைத்த அளவில் நினைத்த மாடல் வாங்குவது கஷ்டம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று டிராக்கைச் சுற்றிலும் டயர் தொழிற்சாலைகள் நிற்கும்போது இது ஒரு வேடிக்கைதான். கிடைப்பதில் நல்லதாக, 280 முதல் 340 வரை டிரெட்வேர் உள்ள ஸ்போர்ட் டயர் எடுத்தால் தினசரிக்கும் டிராக்குக்கும் ஒன்றே போதும்.

மென்மையான டயரை ஆரம்பத்திலேயே போடுவதில் எனக்கு இன்னொரு தயக்கம். சாதாரண டயர் தன் எல்லை நெருங்கும்போது கத்தும். லேசான தொடர்ச்சியான கீச்சொலி என்றால் சரியான வேகம். அது கரகரத்த அலறலாக மாறினால் நீங்கள் அதிகமாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். பிடிப்பு மிகுந்த டயர் இந்த எச்சரிக்கையை இவ்வளவு தாராளமாகத் தராது. விடும்போது பட்டென்று விடும், அதுவும் அதிக வேகத்தில்.

படி 3: கிளம்பும் முன் கோல்டு பிரஷர்

ஓட்டுநர் பக்கக் கதவின் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கம்பெனி சொல்லும் பிரஷர் ஒட்டியிருக்கும். 32 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தின் அலகு) என்று வைத்துக்கொள்வோம். அது கோல்டு பிரஷர்: வண்டி மூன்று மணி நேரமாவது நிழலில் நின்ற பிறகு பார்க்க வேண்டிய எண். பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் போய்ப் பார்த்தாலே அது கோல்டு இல்லை. தவிர பங்க் மீட்டரை நம்பாதீர்கள். ஒரு பங்கில் 32 காட்டும் டயர் அடுத்த பங்கில் 35 காட்டும். உங்கள் கேஜ் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே கேஜில் பாருங்கள்.

விடியற்காலையில் வீட்டிலேயே நாலு டயரிலும் 32 வைத்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். முதல் முறையிலேயே காத்தைக் குறைத்துவிட்டுப் போக வேண்டாம். "டிராக்குக்குப் போனா காத்தை இறக்கணும்" என்று யாராவது சொல்வார்கள். அது ஓடிச் சூடான டயரைப் பற்றிய பேச்சு.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மூடிய டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ இருந்த டயர், உள்ளே 80 டிகிரி ஆனால் சுமார் 39.7 ஆகிவிடும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ. காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் உள்ள வெயில் வித்தியாசமே உங்கள் கணக்கை அந்த அளவு மாற்றும். பேடக்கில் (டிராக் ஓரம் வண்டிகள் நிற்கும் இடம்) ஒரு பக்க டயர் வெயிலில் நின்றாலும் இதே கதைதான். வண்டியை நிழலில் போடுங்கள், இல்லாவிட்டால் வெயில் படும் பக்கம் அட்டையாவது சாத்துங்கள்.

நைட்ரஜன் போட்டால் ஏறாது என்பதும் கட்டுக்கதை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டும் சூட்டில் ஒரே மாதிரிதான் விரியும். ஈரப்பதம் இல்லாததுதான் அதன் முக்கிய நன்மை. இந்த மட்டத்தில் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கேஜோடு சேர்த்து, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய காத்து பம்பு, வெள்ளை சாக்பீஸ், டார்க் ரெஞ்ச் (நட்டை அளவாக இறுக்கும் ஸ்பானர்) எடுத்துக்கொள்ளுங்கள். வீல் நட்டுக்கான இறுக்க அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் நண்பன் சொல்வதைக் கேட்டு இறுக்காதீர்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பாய் எல்லாவற்றையும் டிக்கியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் டிராக்கில் இறங்க வேண்டும்.

படி 4: முதல் செஷன்

இறங்கும் முன், ஒவ்வொரு டயரின் வெளி ஓரத்திலும் சாக்பீஸால் மூன்று இடத்தில் கோடு போடுங்கள். பட்டன் பகுதியில் தொடங்கி, தோள் வளைவைத் தாண்டி, பக்கச் சுவரில் இரண்டு விரல் அகலம் வரை வரட்டும். பல டயர்களில் தோளருகே ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். அதைக் கடந்து போகிற மாதிரி போட்டால் பிறகு படிக்க வசதி.

முதல் சுற்று முழுக்க மெதுவாக. டயர் இன்னும் சூடாகவில்லை, பிரேக்கும் அப்படித்தான். அடுத்து நாலைந்து சுற்று உங்களால் முடிந்த சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். செஷன், அதாவது ஒரு தடவை ஓட்டத் தரும் நேரம், முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி நின்றதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, உடனே பிரஷர் பாருங்கள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று எப்போதும் ஒரே வரிசை. தாமதித்தால் டயர் ஆறிவிடும், எண் பொய் சொல்லும்.

உதாரணத்துக்கு முன் டயர்கள் 39, பின் டயர்கள் 36 என்று வந்திருக்கிறது. முன்சக்கர இழுவை வண்டியில் திரும்புவது, இழுப்பது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன் டயரின் தலையில்தான் விழுகிறது. அதனால் அவை கூடுதலாகச் சூடாவது இயல்பு. வலது வளைவுகள் அதிகமுள்ள டிராக்கில் இடப்பக்க டயர் இன்னும் ஏறும். அப்போது இரு பக்கமும் சூட்டில் சமமாக வரும்படி சரிசெய்ய வேண்டும். கோல்டில் அவை சமமாக இல்லாமல் போவது பரவாயில்லை.

சாதாரண ரோடு டயருக்குச் சூட்டில் 35 முதல் 38 வரை ஒரு நல்ல ஆரம்ப எல்லை. மென்மையான 200 ரக டயருக்கு 32 முதல் 35. டயர் கம்பெனி தனியாக எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். நம் உதாரணத்தில் முன் இரண்டையும் 36-க்கு இறக்கி, பின்னதைத் தொடாமல் விட்டு, எழுதிவிட்டு மறுபடி போகலாம்.

படி 5: சாக்பீஸ் சொல்வது

எண்ணைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். கோடு முக்கோணக் குறி வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அழிந்திருந்தால், வளைவில் டயர் மடிந்து தன் விலாவில் நடக்கிறது. 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பட்டனின் வெளி ஓரத்திலேயே கோடு அழியாமல் நிற்கிறதென்றால் டயர் உப்பி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது. 1 அல்லது 2 இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். முன்னும் பின்னும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஒரு விதிவிலக்கு. கம்பெனி செட்டிங்கில் இருக்கும் ஹேட்ச்பேக்குகளில் சக்கரத்தின் சாய்வு மிகக் குறைவு. அதனால் முன் டயரின் வெளித்தோள் எப்படியும் கூடுதலாகத் தேயும். அதைக் காத்தால் மட்டும் குணப்படுத்த முடியாது. சூட்டில் 40 தாண்டியும் தோள் அழிகிறதென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்; அடுத்த கட்டம் அலைன்மென்ட், அல்லது ஸ்டீயரிங்கை இவ்வளவு முறுக்காமல் ஓட்டப் பழகுவது. பெரும்பாலும் இரண்டாவதுதான் தேவைப்படும். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு வண்டி திரும்பவில்லையே என்று டயரைத் திட்டுவது எல்லோரும் செய்வதுதான்.

வெப்பத்தை அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவியை வாங்கச் சொல்வார்கள். அது மேல்தோலின் சூட்டை மட்டுமே காட்டும், அந்தச் சூடு டிராக்கிலிருந்து உள்ளே வருவதற்குள் ஆறிவிடும். ரப்பருக்குள் ஊசி குத்தி அளக்கும் வகைதான் பயன்படும். நடுப்பகுதி இரு ஓரங்களைவிடச் சூடாக இருந்தால் காத்து அதிகம், ஓரங்கள் இரண்டும் நடுவைவிடச் சூடு என்றால் குறைவு. ஆனால் அது பிறகு, சாக்பீஸ் பழகிய பிறகு.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங் எண்ணெய் தடவியது போல வழவழவென்று உணர்வில்லாமல் போனால் டயர் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது. சென்னை வெயிலில் இது சீக்கிரமே வரும். ஒரு சுற்று மெதுவாகப் போனால் திரும்பி வரும். வராவிட்டால் உள்ளே வந்து பிரஷர் பாருங்கள்.

முன்சக்கர வண்டியில் பின் டயருக்கு அதிகக் காத்து அடித்து வாலை ஆட வைக்கும் வித்தை ஒன்று உண்டு. தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள்.

மழை பெய்தால்

ஐப்பசி, கார்த்திகையில் இதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஈரத்தில் டயர் சூடாகாது, ஆகவே 32-இல் தொடங்கினால் 34-ஐத் தாண்டவே தாண்டாது. கோல்டிலேயே 2 முதல் 4 பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். காத்து குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். முதல் படியில் புகழ்ந்த பாதி தேய்ந்த டயரும் இங்கே கைகொடுக்காது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே பட்டன் இருந்தால் அன்று வேடிக்கை மட்டும் பாருங்கள்.

படி 6: வீட்டுக்குக் கிளம்பும் முன்

சூட்டில் காத்து இறக்கியதை மறக்கக் கூடாது. 80 டிகிரியில் 36 வைத்த டயர் 30 டிகிரிக்கு ஆறினால் 29-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அந்தக் காத்தோடு ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது சரியல்ல. டயர் நன்றாக ஆறும் வரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பம்பை மாட்டி 32-க்கு ஏற்றுங்கள், ஏற்றும் முன் காட்டிய எண்ணையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே வெயிலில் நீங்கள் தொடங்க வேண்டிய கோல்டு எண் அதுதான்.

வீல் நட்டுகளையும் சக்கரம் ஆறிய பிறகு டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். உள் ஓரங்களில் வெட்டு, உப்பல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை மறுபடி கேஜ் வையுங்கள். நாலில் ஒன்று மட்டும் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ மெதுவாகக் கசிகிறது, பஞ்சர் கடைக்குப் போய்த் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.